உங்கள் வீட்டில் தங்காமல் இருப்பது குறித்து

மதிப்புக்கும் அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அப்பா, உங்கள் அம்மா, உங்கள் தம்பி, உங்கள் மருமகளான எங்கள் மகள் வாண்டு எல்லோரும் சுகம். அங்கே உங்கள் முழங்காலும், அண்ணனுடைய வயிறும், பையன்கள் இருவருடைய மதிப்பெண்களும் நல்ல நிலையில் இருக்கும் என்று நம்புகிறேன். என் உடம்பைப் பற்றிக் கேட்பீர்கள். எனக்கு என்ன, நான் எப்போதும் போலத்தான், எதற்காவது பயந்துகொண்டு நலமாக இருக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்கடி கடிதம் என்று நீங்கள் உறையைக் கிழிக்கும்போதே கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. அண்ணி, தப்பாக நினைக்க வேண்டாம், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் போனில் உங்களிடம் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து நானே முடித்ததாகச் சரித்திரம் இல்லை. கடிதத்தில் ஒரு வசதி, நீங்கள் குறுக்கே எவ்வளவு பேசினாலும் எனக்குக் கேட்காது. வீடு தூங்கிவிட்டது, தைரியமும் லேசாக வந்திருக்கிறது, அது போவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். விடுமுறைக்கு நாங்கள் ஐந்து பேரும் உங்கள் ஊருக்கு வருகிறோம். உங்கள் வீட்டில் தங்கப் போவதில்லை. ஹோட்டலில் தங்கப் போகிறோம். இப்போது ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள். அண்ணனைக் கூப்பிட வேண்டாம், அவர் பாவம், அவருக்கு இதில் சம்பந்தமில்லை.

கோபம் வரும், எனக்குத் தெரியும். சொந்த அக்கா வீடு இருக்கும் ஊரில் தம்பி ஹோட்டலில் படுத்தான் என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது முதல் கோபம். இவள்தான் தூண்டிவிட்டாள் என்பது இரண்டாவது கோபம். இரண்டாவது நியாயமான கோபம், நான்தான் தூண்டிவிட்டேன். ஆனால் போன வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்கள் கூடத்தில் ஒரே மின்விசிறி, அதன் அடியில் ஒன்பது தலை. காலையில் வெயில் ஜன்னல் வழியாக வந்து எங்களை வறுக்கும், மத்தியானம் மழை அதே ஜன்னல் வழியாக வந்து எங்களை ஊற வைக்கும். ஈரத்துணிக்குக் கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி, உங்கள் அப்பாவின் வேட்டியை விலக்கித்தான் டிவி பார்த்தோம், செய்தி வாசிப்பவர் பாதி வேட்டியிலும் பாதி திரையிலும் தெரிந்தார். குளியலறை வாசலில் வரிசையில் நின்று நின்று பொறுமை போய் அண்ணன் அடுப்படிக் குழாயில் பல் தேய்க்க, அதைப் பார்த்து உங்கள் அம்மா காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அமளியில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் அண்ணி? விடிந்தால் அடுப்பு, அடைந்தால் அடுப்பு. நாங்கள் கடற்கரைக்குப் போனோம், நீங்கள் வரவில்லை. மிருகக்காட்சிசாலைக்குப் போனோம், நீங்கள் வரவில்லை. நாங்கள் போய்விட்டு வந்து "கரடி சூப்பர்" என்றோம், நீங்கள் கரண்டியும் கையுமாக "அப்படியா, சாப்பிட வாங்க" என்றீர்கள். எங்கள் படங்களில் எல்லாம் கரடி இருக்கிறது, நீங்கள் இல்லை.

கடைசி நாள் ரயில் நிலையத்தில் வைத்து என்னிடம் ஒன்று சொன்னீர்கள். நான் வாண்டுவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அடுத்த தடவை வரும்போது உன் பயத்தை உங்க ஊர்லயே வச்சுப் பூட்டிட்டு வா. என் வீட்டுல மனுசங்களுக்கே இடமில்ல" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் தம்பி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார், அதற்கான கணக்கை அவரோடு தனியாகத் தீர்த்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கே மனதுக்குள் ஒரு சபதம். அடுத்த முறை இந்தக் குடும்பத்தை இதே வெயிலில், இதே மழையில், இதே ஊருக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன், ஒருவருக்கும் ஒரு தும்மல் வராமல், ஒருவர் முகமும் சுளிக்காமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிறேன். சேர்க்க முடியவில்லையென்றால் இந்தப் பயந்தாங்கொள்ளிப் பட்டத்தை வாசலில் பெயர்ப்பலகையாகவே மாட்டிக்கொள்கிறேன். இதுதான் பந்தயம், எனக்கும் எனக்கும்.

முதலில் ஹோட்டல். அண்ணி, ஹோட்டல்காரர்களைப் போல நம்பிக்கையான மனிதர்களை உலகத்தில் பார்க்க முடியாது. எதைக் கேட்டாலும் "பிரச்சனையே இல்ல மேடம்". லிப்ட் பாதியில் நிற்குமா? பிரச்சனையே இல்ல மேடம். ஜன்னல் எவ்வளவு அகலம் திறக்கும், ஆறு வயசுப் பிள்ளை தலையை விட முடியுமா? பிரச்சனையே இல்ல மேடம். விட முடியும் என்கிறாரா, முடியாது என்கிறாரா? ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். உங்கள் தம்பி தலையில் அடித்துக்கொண்டு, "நீ ரூம் போடுறியா, இல்ல அந்த ஹோட்டல விலைக்கு வாங்குறியா?" என்றார். நான் விடவில்லை. கடைசியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டல் கிடைத்தது. வரவேற்பில் ஒருவர் எடுத்தார். சளி பிடித்த குரல்.

"மழை பெய்ஞ்சா உங்க வாசல்ல தண்ணி நிக்குமா?" என்று கேட்டேன்.

"நிக்காதுன்னுதான் நினைக்கிறேன் மேடம்."

"இப்ப அங்க மழையா?"

"ஆமா மேடம், ஊத்துது."

"அப்ப ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றீங்களா? நான் லைன்லயே இருக்கேன்."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு சரக் சரக்கென்று ஈரச் செருப்புச் சத்தம். "மேடம், கணுக்காலுக்கு மேலயே நிக்குது. நானே இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார், பாவம், குரலில் அப்படி ஒரு வருத்தம்.

அந்த நிமிஷமே இரண்டு அறை பதிவு செய்துவிட்டேன். "தண்ணி நிக்குதுன்னு சொல்றான், அங்கயே போடுறியா?" என்று உங்கள் தம்பி வாயைப் பிளந்தார். எல்லா வாசலிலும்தான் தண்ணீர் நிற்கிறது அண்ணி. போய்ப் பார்த்துவிட்டு வந்து உண்மையைச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான். குழந்தையோடு போகிறவளுக்கு அந்த ஒரு ஆள் போதும். வாசலுக்குப் பலகை போட்டு வைப்பதாக அவரே முன்வந்து சொல்லியிருக்கிறார். இப்போது நான் கூப்பிட்டால் "வணக்கம் மேடம், இன்னைக்கு முழங்கால்" என்று நிலவரம் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார்.

அடுத்தது நாள் திட்டம். வெயில் ஏறுவதற்குள் ஒரு இடம், ஒன்றே ஒன்று. உச்சி வெயிலில் அறை, ஏசி, தூக்கம். மழை வந்தால் வரட்டும், நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து வேடிக்கை பார்ப்போம். மழை விட்டு ஊர் குளிர்ந்த பிறகு உங்கள் வீட்டுக்கு நடந்து வந்து, உங்களைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். எழுதிப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது, அவ்வளவு அழகான திட்டம். ஆனால் எழுத்தில் அழகாக இருக்கும் எதையும் நான் நம்புவதில்லை. அதனால் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்றேன்.

"கல்யாணத்துக்கே நாம ஒத்திகை பார்க்கல" என்றார் உங்கள் தம்பி.

"அதான் இப்படி இருக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஒத்திகை என்றால் முழு ஒத்திகை. எல்லோரும் மூட்டை கட்டியாயிற்று, எரிவாயுவை மூடியாயிற்று, பால்காரரிடம் பால் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பூட்டிய பூட்டை உங்கள் அப்பா தொங்கிப் பார்த்தார், உங்கள் தம்பியும் தொங்கிப் பார்த்தார். சாவியை மேல்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்து, "ஊருக்குப் போறோம், வீட்டைப் பார்த்துக்கங்க" என்றேன், நிஜமாகப் போகும்போது எப்படிச் சொல்வேனோ அப்படியே. பிறகு பெட்டி படுக்கையோடு வேகாத வெயிலில் ரயில் நிலையத்துக்கு நடை. ரயில் ஏறப் போவதில்லை, மேம்பாலம் ஏறி நடைமேடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவதுதான் ஏற்பாடு. எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "ஊருக்கா?" என்றார்கள். உங்கள் அப்பா ஒவ்வொருவரிடமும் நின்று, "இல்ல, சும்மா போயிட்டு வர்றோம்" என்று உண்மையைச் சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை பெட்டியோடு சும்மாவா என்று அவர்கள் பார்த்த பார்வையில் எங்கள் குடும்பத்தின் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று.

மேம்பாலத்தில் உங்கள் அப்பாவின் பை நகரவில்லை. மனிதர் இரண்டு படி ஏறினார், பை ஒரு படி இறங்கியது. திறந்து பார்த்தால் ஸ்பேனர், திருப்புளி, குழாய்க்குச் சுற்றும் நாடா, கூடவே ஒரு புதுக் குழாய். "எதுக்கு மாமா இது?" என்றால், "அவ வீட்டு அடுப்படிக் குழாய் ஒழுகுதும்மா. போன வருஷமே பார்த்தேன். அந்த மாப்பிள்ளைப் பையன் அதெல்லாம் பார்க்க மாட்டான்" என்கிறார். அண்ணனை இன்னும் மாப்பிள்ளைப் பையன் என்றுதான் சொல்கிறார், அண்ணனுக்குத் தலை நரைத்த விஷயத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சந்தேகம் வந்து உங்கள் அம்மாவின் பையைத் திறந்தேன். குக்கர்! "ஹோட்டலுக்குக் குக்கரா அத்தை?" "ஹோட்டலுக்கு எதுக்கு? அவ குக்கர்ல விசில் வர மாட்டேங்குதுன்னு போன்ல புலம்புனா." குக்கருக்குள் மடித்து வைத்த முழங்கால் பட்டை, உங்களுக்கு. உங்கள் தம்பியின் பையில் அவருக்கென்று ஒரு சட்டைகூட இல்லை, பையன்களுக்குக் கிரிக்கெட் மட்டை இருந்தது. வாண்டு தன் பையைத் திறக்கவே விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடித் திறந்தால் ஒரு சோப்பு டப்பா, அதற்குள் இலை போட்டு ஒரு நத்தை. "அத்தைக்கு" என்றாள். "அத்தை வெளியவே போறதில்லல்ல, இதுவும் வீட்டுக்குள்ளயேதான் இருக்கும், துணைக்கு." நத்தையை மட்டும் நிலையத்துத் தொட்டிச் செடியில் குடியேற்றிவிட்டோம். மற்றவை எல்லாம் வருகின்றன. ஐந்து பையில் நாலு பை உங்களுக்கான சாமான், மிச்சம் ஒன்றுதான் எங்கள் ஐந்து பேருக்கும். அது என் பை.

திரும்பி வரும்போது வானம் ஒத்துழைத்தது. அப்படி ஒரு மழை. தெப்பலாக நனைந்து வாசலுக்கு வந்து, "தையல்காரண்ணே, சாவி!" என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. நாங்கள்தான் ஊருக்குப் போய்விட்டோமே, இனி வீட்டுக் காவலுக்குச் சாவி பத்திரமாக இருந்தால் போதும் என்று, அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குடும்பத்தோடு மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டார் அந்த நல்ல மனிதர். போன் போட்டால் மேல்வீட்டுக்குள்ளிருந்தே மணி அடிக்கிறது. மாற்றுச் சாவி இல்லையா என்று கேட்பீர்கள். என்னைப் போய் அப்படிக் கேட்கலாமா? இருந்தது. மிக மிகப் பத்திரமாக, வீட்டுக்குள்.

உங்கள் அப்பா ஸ்பேனரை எடுத்தார். "பூட்டைக் கழட்டிடவா?"

"நீங்க போன கார்த்திகை தீபத்துக்குக் கழட்டுன ஸ்விட்சு இன்னும் தொங்கிட்டிருக்கு. பேசாம உக்காருங்க" என்றார் உங்கள் அம்மா.

மாடிப்படிக்கு அடியில் ஐந்து பேரும் ஒண்டினோம். வெளியே மழை, உள்ளே நாங்கள், நடுவில் பெட்டிகள். அண்ணி, இப்போதுதான் கவனமாகப் படிக்க வேண்டும். நான் என் பையைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய உலர்ந்த துண்டு, ஆளுக்கு ஒன்று. அடுத்த உறையில் மாற்று உடை, அளவு வாரியாக. அதற்கடுத்து உங்கள் அப்பாவின் மாத்திரை, உங்கள் அம்மாவின் தைலம், வாண்டுவுக்கு ரொட்டி, பிளாஸ்கில் வெந்நீர், கைவிளக்கு, கொசுவத்தி, அதைப் பற்றவைக்க நனையாத தீப்பெட்டி. படுதாவாகக் கட்டப் போர்வையும், கட்டக் கயிறும். இருட்டுவதற்குள் மாடிப்படிக்கு அடியில் ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. உங்கள் அப்பா காலை நீட்டிக்கொண்டு, "ஏம்மா, வீட்டைவிட இங்க சௌகரியமா இருக்கே" என்றார். உங்கள் அம்மா படுதாவுக்குப் பின்னாலிருந்து உலர்ந்த புடவையில் மகாராணி மாதிரி வெளியே வந்தார்கள். வாண்டு தூங்கியே போய்விட்டாள். நான் அவள் நெற்றியை ஒரே ஒரு தடவைதான் தொட்டுப் பார்த்தேன். சரி, இரண்டு.

உங்கள் தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குப் பயமா இல்லையா?" என்றார்.

"இதுக்கா? இதுக்கு நான் போன வாரமே பயந்து முடிச்சாச்சு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை அண்ணி. துண்டை வாங்கி என் தலையைத் துவட்டிவிட்டார்.

தையல்காரர் வந்து சேர்ந்தபோது எங்களைப் பார்த்து அலறிவிட்டார். "அதுக்குள்ள ஊரைச் சுத்திட்டு வந்துட்டீங்களா?" மறுநாள் காலை வரிசையாக எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்தேன். ஒரு தும்மல் இல்லை, ஒரு இருமல் இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. ஒத்திகையிலேயே வெயில் வந்தாயிற்று, மழை வந்தாயிற்று, வீடே இல்லாமல் இருந்தும் பார்த்தாயிற்று. இதற்கு மேல் உங்கள் ஊர் என்னை என்ன செய்துவிடும்? பயத்தைப் பூட்டிவிட்டு வரச் சொன்னீர்களே, பூட்டிப் பார்த்தேன், வெளியே நின்றோம். அந்த மழையில் எங்களைக் காப்பாற்றியது என் பைக்குள் இருந்த பயம்தான். ஆகவே அதையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறேன். அதற்கு ஹோட்டலில் தாராளமாக இடம் இருக்கிறது.

எனவே அண்ணி, கோபித்துக்கொள்ளாமல் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதம் தர வேண்டும். கோபம் வந்தே தீரும் என்றால் நாங்கள் வருவதற்கு முன்பே வந்து போய்விடட்டும். நீங்கள் எங்களுக்காக எதுவும் செய்ய வேண்டாம், சாயங்காலம் வரும்போது ஆளுக்கு ஒரு டம்ளர் காபி போதும். அண்ணனுக்கு என் வணக்கம், பையன்களுக்கு ஆசி, உங்கள் முழங்காலுக்குத் தனியாக என் அன்பு. என்னைப் பார்த்துச் சிரித்த எல்லோரும் நீண்ட ஆயுளோடும் உலர்ந்த துணியோடும் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வெற்றிக் களிப்போடு முடிக்கிறேன்.

என்றும் உங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
தம்பி மனைவி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் இனிச் செல்லாது. காலையில் உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஜன்னல், கணுக்கால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த உங்கள் அம்மா, சாயங்காலம் உங்களை வந்து பார்த்துவிட்டுப் போவோம் என்ற இடத்தில் நிறுத்தினார்கள். "சாயங்காலமா சாயங்காலம் போய்ப் பார்த்துட்டு வர, அவ என்ன ஆஸ்பத்திரியிலயா கிடக்குறா?" என்றார்கள். "இல்லீங்க அத்தை, அண்ணிக்குத் தொந்தரவு வேண்டாமேன்னு..." என்றேன். "ஆளுக்கு ஒரு காபின்னா அஞ்சு காபி. அதுக்கு அவ மறுபடி அடுப்படிக்குப் போவா. நாம ஏசியில படுத்துக்கிட்டு அவளப் போய் வேடிக்கை பார்க்கவா?" என்றார்கள். அத்தனைக்கும் பயந்த நான் இதற்குப் பயப்பட மறந்துவிட்டேன். பிறகு அவர்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், அதற்கு மேல்முறையீடு இல்லை. உங்கள் அப்பாவும் உங்கள் தம்பியும் உங்கள் வீட்டில், அண்ணனோடும் பையன்களோடும் அந்தக் கூடத்தில், அந்த மின்விசிறிக்கு அடியில். சமையல், துணி, குழாய் எல்லாம் அவர்கள் பாடு. உங்கள் அம்மா, நான், வாண்டு, நீங்கள், நாலு பேரும் ஹோட்டலில். இரண்டு அறை, ஏசி, வாசலில் பலகை. மாற்றுப் புடவை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், கரண்டி வேண்டாம். முதல் நாள் காலையில் கரடி. வரவேற்பில் இருப்பவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன், "வர்றவங்க யாரு மேடம்?" என்றார், "எங்க அண்ணி" என்றேன். இதை எழுதும்போது உங்கள் தம்பியும் உங்கள் அப்பாவும் அடுப்படியில் சோறு வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஏதோ தீய்கிறது. "தண்ணி எவ்வளவு ஊத்தணும்?" என்று கத்துகிறார்கள். புகை இந்த அறைக்கே வந்துவிட்டது. நான் எழுந்து போகவில்லை அண்ணி.